பதினேழு சனிக்கிழமைகளுக்கு முன்னனுமதி

லாஸ்பேட்டையில் உள்ள அந்தக் கல்லூரியின் பெயர் வேண்டாம். அங்கே மூன்றாவது மாடியில் அயல்நாட்டுப் பரிமாற்ற மையம் என்று ஒன்று இருக்கிறது. அதற்குத் தன்மானம் அதிகம். தொடங்கிய ஆறு வருடத்தில் மையம் அயல்நாட்டுக்கு அனுப்பி வைத்த மாணவர்களின் எண்ணிக்கை ஒன்று. அந்த ஒருவனை அனுப்பியதற்காக இன்றுவரை வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது.

அவன் பெயர் சிலம்பரசன். ஒரு பருவம் படிப்பதற்காகப் பிரான்சுக்குப் போனவன், ஒரு சனிக்கிழமை கை கால் சும்மா இருக்காமல் ரயிலேறிப் பெல்ஜியத்துக்குப் போய்விட்டான். போனவன் வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம். உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தைக் கையில் பிடித்து, பல்லைக் காட்டி ஒரு படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினான். மைய இயக்குநர் முனைவர் கோபிநாத் மறுநாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் படம் அவர் கைபேசிக்கும் வந்து சேர்ந்தது. பையன் திங்கட்கிழமை ஒழுங்காக வகுப்புக்குப் போனான், நல்ல மதிப்பெண்ணோடு ஊர் திரும்பினான் என்பதெல்லாம் வேறு விஷயம். இயக்குநர் காளஹஸ்திக்கு வடக்கே போனதில்லை. அப்படியிருக்க, தன் மாணவன் ஒருவன் தன் கையெழுத்து இல்லாமல் ஒரு நாட்டின் எல்லையைத் தாண்டியதை அவரால் செரிக்க முடியவில்லை. அன்றைக்கு இட்லியும் செரிக்கவில்லை என்று கேள்வி.

அதிலிருந்து பிறந்ததுதான் வார இறுதிப் பயண முன்னனுமதிப் படிவம்.

இது எதுவும் தெரியாமல் ஒரு பிப்ரவரி மாதத்துக் காலையில் துர்கா மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தாள். சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை முதல் வருடம் படிப்பவள். தவளக்குப்பத்துக்குக் கிழக்கே, கடலுக்குக் கிட்டத்தில், அவள் அப்பா தெய்வசிகாமணிக்கு ஒன்றரைக் காணி நிலம். நாலு வருடமாக அவருடைய ஆழ்துளைப் போர்த் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டிருந்தது. முதலில் டீ ருசி மாறியது. பிறகு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடி ஓரமெல்லாம் கருகிப் பிஞ்சு பிடிக்காமல் நின்றது. பக்கத்து நிலத்துக்காரர்கள் சவுக்கு நட்டுவிட்டு டவுனில் காவலாளி வேலைக்குப் போய்விட்டார்கள். தெய்வசிகாமணி போகவில்லை. மகள் படித்துவிட்டு வந்து ஏதாவது சொல்வாள் என்று நம்பிக்கொண்டிருந்தார். மனிதர்களுக்கு எதன் மேலாவது நம்பிக்கை வேண்டுமே.

அந்த மகள், பிரான்ஸ் நாட்டின் மேற்குக் கடற்கரையில் கடல்நீர் புகுந்த வயல்களைப் பற்றி இருபது வருடமாக வேலை செய்யும் லுயீஸ் என்ற பேராசிரியைக்குக் கடிதம் எழுதினாள். தங்கள் ஊர்க் கிணறுகள் நாற்பத்தெட்டின் உப்புக் கணக்கையும் சேர்த்து அனுப்பினாள். பதில் வந்தது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை வரலாம். செலவு முழுக்க அவர்களுடையது. வார நாட்களில் ஆய்வகம். சனிக்கிழமைதோறும் வயல்களுக்குப் போவோம், நிலத்தை மீட்டெடுத்த விவசாயிகளே நேரில் சொல்லிக்கொடுப்பார்கள். கல்லூரியிடமிருந்து வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள், இந்த மாணவியை அனுப்பச் சம்மதம் என்று ஒரு கடிதம். நாலு வரி. மின்னஞ்சலில் போதும்.

அந்த நாலு வரிக்காகத்தான் துர்கா மாடியேறி வந்தாள். மைய உதவியாளர் செல்வாம்பாள் அவளுக்கு நாற்காலி கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார், பிறகு பதினேழு பக்கம் கொண்ட படிவத்தைக் கொடுத்தார்.

ஒரு வார இறுதிக்கு ஒரு பக்கம். போகும் இடம், போகும் நோக்கம், உடன் வருபவர் பெயர், அவருக்கும் மாணவிக்கும் உள்ள உறவு, மதிய உணவு சைவமா அசைவமா, அன்றைய வானிலை.

“இன்னாக்கா இது? டிசம்பர் மாசம் ஒரு சனிக்கெழம மழை பேயுமா பேயாதான்னு நான் இப்பவே எப்படி எழுதறது?”

“எனுக்கு மட்டும் தெரியுமாம்மா? எதையாச்சும் எழுது. காலியா வுட்டா அய்யா திருப்பி அனுப்பிடுவாரு.”

துர்கா பதினேழு பக்கமும் எழுதினாள். லுயீஸ் அம்மாவுக்கு மின்னஞ்சல் அனுப்பி ஒவ்வொரு சனிக்கிழமையும் போகப்போகும் ஊரின் பெயரைக் கேட்டு வாங்கினாள். அந்த அம்மாள் எதற்கு என்று கேட்கவில்லை. இந்தியாவில் ஏதோ வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். வானிலைக்கு ‘லேசான தூறல்’ என்று எல்லாப் பக்கத்திலும் போட்டாள். பத்து நாள் கழித்து இயக்குநர் அவளை உள்ளே கூப்பிட்டார். மேசை மேல் படிவம் விரித்து வைக்கப்பட்டிருந்தது.

“உப்பு நெலத்தப் பாக்கப் பிரான்சுக்கு எதுக்கும்மா போவணும்? மரக்காணத்துல உப்பு இல்லியா?”

“அங்க உப்ப வெளைய வைக்கிறாங்க சார். நான் நெலத்துல ஏறுன உப்ப எப்படி எறக்கறதுன்னு படிக்கறேன்.”

“எல்லாம் உப்புதானே” என்றார் இயக்குநர். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் சாய்ந்தால் சொற்பொழிவு வரும் என்பது செல்வாம்பாளுக்குத் தெரியும். உதவியாளர் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார்.

“பாரும்மா. மாணவர்கள வெளிநாட்டுக்கு அனுப்பறதுதான் இந்த மையத்தோட வேலைன்னு ஜனங்க நெனச்சிக்கினு இருக்காங்க. அது தப்பு. அனுப்பறதுக்குத் தயார் பண்றதுதான் நம்ம வேலை. தயாராகாத ஒருத்தன அனுப்பிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு சனிக்கெழம என்ன வேணா ஆவலாம். ரயில் மாறிப் போவலாம். எல்லை தெரியாமப் போவலாம். அதே, தயார் பண்ணிக்கினே இருந்தோம்னு வையி, யாருக்கும் ஒரு ஆபத்தும் இல்ல. அஞ்சு வருஷமா ஒரு விபத்து கூட இல்லாத ஒரே அயல்நாட்டு மையம் நம்மளுதுதான்.”

“சார், கடிதம்...”

“எட்டு வார இறுதி பயிற்சி இருக்கு. முடிச்சிட்டு வா. கடிதம் எங்க போவுது?”

பயிற்சி எங்கே என்றுதானே கேட்கிறீர்கள்? பிரான்சில்தான். புதுச்சேரியில் இருப்பவர்களுக்குப் பிரான்ஸ் தூரமே இல்லை. பெரிய வாய்க்காலைத் தாண்டினால் வந்துவிடும். வாய்க்காலுக்கு மேற்கே நம் ஊர். கிழக்கே மஞ்சள் சுவரும், வெள்ளைச் சட்டமிட்ட ஜன்னலும், பிரெஞ்சுப் பெயர் எழுதிய நீலப் பலகையும். பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் கார் கதவைச் சாத்திய கையோடு அந்தச் சுவர்களில் சாய்ந்துகொண்டு படம் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். இயக்குநர் ஒரு நாள் அந்த வழியாக ஸ்கூட்டரில் போகும்போது, இவ்வளவு செலவில்லாத வெளிநாட்டை இத்தனை காலம் பயன்படுத்தாமல் விட்டோமே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஏப்ரல் மாத முதல் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாய்க்கால் பாலத்தின் மேல் ஒரு மேசை போடப்பட்டது. அதுதான் எல்லை. துர்காவோடு இன்னும் நாலு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் எங்கும் போகப்போவதில்லை. ஒருத்தியை மட்டும் வைத்துக் குழுப்படம் எடுக்க முடியாது என்பதால் சேர்க்கப்பட்டவர்கள். ஐந்து பேருக்கும் கம்பளிச் சட்டை கட்டாயம். வெயில் அப்போதே மண்டையைப் பிளந்தது. கீழே சாக்கடை தன் பாட்டுக்கு மணத்துக்கொண்டிருந்தது.

மேசைக்குப் பின்னால் குடியுரிமை அதிகாரியாக உட்கார்ந்திருந்தவர் முசே ஜாக், பிரெஞ்சு மரியாதையில் ஜாக் ஐயா. முத்தியால்பேட்டைக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு அந்த நாட்டுப் பென்ஷனில் வாழும் சொல்தா, அதாவது பழைய சிப்பாய். மையம் அவரைப் பண்பாட்டு ஆலோசகராக நியமித்திருந்தது. பழைய பட்டாளத் தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, மையத்தின் வட்ட முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தி அழுத்தி, செல்வாம்பாள் தைத்துக் கொடுத்த பயிற்சிக் கடவுச்சீட்டுகளில் குத்திக்கொண்டிருந்தார். மையத்துக்கு இருந்தது அந்த ஒரு முத்திரைதான். வார நாட்களில் கடிதங்களுக்கு. வார இறுதியில் எல்லைக்கு.

“முசே, பிரான்சுல இப்படித்தான் பண்ணுவாங்களா?” என்று துர்கா குனிந்து கேட்டாள்.

“இல்லம்மா” என்றார் அவர், தாழ்ந்த குரலில். “ஏர்போர்ட்டுல ஒரு நிமிஷம் மூஞ்சியப் பாப்பான், அவ்ளதான். அதுக்கப்பறம் நீ எங்க போற, எங்க தூங்கறன்னு எவனும் கேக்க மாட்டான்.”

“இயக்குநர்கிட்ட சொல்லக்கூடாதா?”

“ஆலோசகர் தானா ஆலோசனை சொல்லக்கூடாதுன்னு வேலை உத்தரவுல எழுதியிருக்காங்க. அவுங்களா கேட்டாத்தான் சொல்லணும். மூணு வருஷமா ஒருத்தரும் கேக்கல.” ஒரு முத்திரையைக் குத்தி, “பொன் வொய்யாழ்” என்று பயணம் வாழ்த்தி அவளைப் பிரான்சுக்குள் அனுப்பி வைத்தார். அவள் எட்டு தப்படி நடந்து துமாஸ் வீதியின் பக்கம் போய்ச் சேர்ந்தாள். வெளிநாட்டு மண்ணில் கால் வைத்த உணர்ச்சியைப் பத்து வரிக்கு மிகாமல் அன்று மாலைக்குள் எழுதித் தர வேண்டும். ‘வேர்த்தது’ என்று எழுதினாள். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாவது வாரம், வழி தவறுதல். வெளிநாட்டில் வழி தவறினால் பதற்றப்படாமல் விசாரிக்கப் பழக வேண்டும். விசாரிக்க வேண்டுமென்றால் முதலில் வழி தவற வேண்டும். துர்கா பள்ளி நாளிலிருந்து சைக்கிளில் சுற்றிய தெருக்கள் அவை. தவிர, வெள்ளைக்காரன் அடிஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஊர் அது. எந்தப் பக்கம் நடந்தாலும் ஒன்று கடல் வரும், இல்லையென்றால் வாய்க்கால் வரும். கண்ணை மூடிக்கொண்டு கூட நடந்து பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் மேசைக்கே வந்து சேர்ந்தாள். இயக்குநர் பதிவேட்டில் எழுதினார்: ‘மாணவி துர்கா தொலையவில்லை. பயிற்சியில் தோல்வி. மறுவாரம் மீண்டும் தொலைய வேண்டும்.’ கூட வந்த நாலு பேரில் ஒருத்தி கடற்கரையில் குல்பி சாப்பிடப் போய் மூன்று மணிநேரம் காணாமல் போயிருந்தாள். அவளுக்குப் பாராட்டு கிடைத்தது.

பனிப் பயிற்சிக்குத் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் உள்ள ஒரு ஐஸ் ஃபேக்டரியைப் பிடித்தார்கள். பாளம் பாளமாக ஐஸ் அடுக்கிய அறைக்குள் ஐந்து பேரையும் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். இருபது நிமிடம். உள்ளே பனி என்னவோ பனிதான், ஆனால் சங்கரா மீன் நாற்றமடித்தது. வெளியே வந்ததும் இயக்குநர், “ஐரோப்பா எப்படி இருந்துது?” என்று கேட்டார். யாருக்கும் பல் கிட்டிப் பேச்சு வரவில்லை. அவர் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டார்.

இப்படியே ஏப்ரல் போனது. மே வந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் துர்கா மூன்றாவது மாடி ஏறி, கடிதம் என்று ஆரம்பிப்பாள். பயிற்சி முடியட்டும் என்பார்கள். வீட்டில் அப்பா போர் மோட்டாரைப் போட்டதும் முதலில் உள்ளங்கையில் ஒரு வாய் பிடித்து ருசி பார்ப்பார். மல்லாட்டை போடாமல் நிலம் சும்மா கிடந்தது. “இன்னும் நாலு மாசம் தானம்மா” என்பார். “நீ போயி பாத்துட்டு வா. அதுக்குள்ள நெலம் எங்கயும் ஓடிடாது.”

எட்டாவது வார இறுதி, மே மாதக் கடைசி ஞாயிறு. அதற்கடுத்த வெள்ளிக்கிழமைதான் கெடு. தொலைவதில் மூன்றாவது முறையாகத் தேறாவிட்டாலும் கருணை மதிப்பெண் போட்டு விடுவதாக இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். கடைசி முத்திரை விழுந்தால் மறுநாள் கடிதம். துர்கா கடவுச்சீட்டை நீட்டிக்கொண்டு வரிசையின் முன்னால் நின்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பெங்களூர் வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கிய குடும்பம் முசே ஜாக்கின் தொப்பியைப் பார்த்து மயங்கிப் போனது. நிஜப் பிரெஞ்சுக் காவலர் என்று நினைத்திருப்பார்கள். அந்த வீட்டு அம்மாள் அவர் தோளை ஒட்டி வந்து நின்றார். வீட்டுக்காரர் கைபேசியை உயர்த்தினார். கையை ஆட்டச் சொன்னார். ஜாக்கும் மனிதர்தானே, வலது கையைத் தூக்கி ஆட்டினார். அந்தக் கையில்தான் முத்திரை இருந்தது. மை பட்டு வழவழத்திருந்த பிடி நழுவியது. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒரு தரம் மோதி, பெரிய வாய்க்காலில் விழுந்து, ஒரு குமிழி விட்டுவிட்டுக் கீழே போனது.

ஐந்து பேரும், இயக்குநரும், பெங்களூர்க் குடும்பமும் எட்டிப் பார்த்தார்கள். சாக்கடை கருப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை துர்கா காலையிலேயே போய் நின்றாள். லுயீஸ் அம்மாவின் மின்னஞ்சலை அச்செடுத்துக் கொண்டு போயிருந்தாள்.

“முத்திரையே வாணாம்னு எழுதியிருக்காங்க சார். மெயில்ல நாலு வரி போதுமாம்.”

“அவுங்க வாணாம்னு சொல்லுவாங்க. அது அவுங்க பெருந்தன்மை. நம்ம கௌரவம்னு ஒண்ணு இருக்கில்ல? முத்திரை இல்லாத கடிதம் அப்பன் பேரு தெரியாத புள்ள மாதிரி.”

“புது முத்திரை செஞ்சுடலாமே சார்? நேரு வீதியில ஒரு மணி நேரத்துல செஞ்சு குடுத்துடுவாங்க.”

இயக்குநர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். “புதுசு செய்யணும்னா பழசு இல்லன்னு சொல்லணும். பழசு இல்லன்னு சொல்லணும்னா அது தொலைஞ்சுதுன்னு எழுதணும். எங்க தொலைஞ்சுது? எல்லையில. எல்லையில முத்திரைக்கு இன்னா வேலைன்னு கேப்பாங்க. அதனால இப்போதைக்கு முத்திரை தொலையல. பயணத்துல இருக்கு.”

செவ்வாய் போனது. புதன்கிழமை முசே ஜாக், அறுபத்தைந்து வயதில், முழங்காலுக்கு மேல் பேண்ட்டை மடித்து விட்டுக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். இரண்டு பாட்டிலும் ஒரு செருப்பும் கிடைத்தன. ஏறி வந்தவர் துர்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல், “பர்தோன்” என்று மட்டும் சொன்னார். அந்த மையத்தில் அவளிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கெடு முடிந்தது. அவள் மூன்றாவது மாடி வராண்டாவிலேயே நின்றுகொண்டிருந்தாள். செல்வாம்பாள் அறையைப் பூட்டும்போது, “வூட்டுக்குப் போம்மா” என்றார். துர்கா அழவில்லை. நாலு வரி, நாலே வரி என்று வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் இன்றைக்கும் அணையவில்லை, அணையவும் வேண்டாம்.

ஒரு வாரம் கழித்து லுயீஸ் அம்மாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கடிதம் வராததால் இடம் வேறொரு மாணவிக்குப் போய்விட்டது, மிகவும் வருந்துகிறேன், உங்கள் கிணற்றுக் கணக்கு அருமையான வேலை. துர்கா அதை அப்பாவிடம் படித்துக் காட்டினாள். தெய்வசிகாமணி கைபேசியை வாங்கி ஒரு தரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “காலேசுல இன்னா சொல்றாங்க?” என்றார்.

“முத்திரை பயணத்துல இருக்குதாம்ப்பா.”

கதை இதோடு முடிந்திருந்தால் ஒரு பெண்ணின் ஏமாற்றத்தோடு போயிருக்கும். மையம் அப்படியெல்லாம் ஒருவரை லேசில் விட்டுவிடாது.

ஜூலையில் கல்லூரி திறந்தது. வருகைப் பதிவேட்டில் துர்காவின் பெயர் இல்லை. வகுப்பாசிரியர் மையத்தைக் கேட்கச் சொன்னார், அவள் இயக்குநரிடம் போனாள். ஏப்ரல் மாதமே ஆண்டறிக்கை போய்விட்டதாம். அதில் ‘இவ்வாண்டு அயல்நாடு செல்வோர்: ஒருவர்’ என்று பெயரோடு ஏற்றியாகிவிட்டது.

“ஆனா நான் போவலியே சார். இங்கதான நிக்கிறேன்.”

“நீ நிக்கிறது எனக்குத் தெரியுதும்மா. பதிவுக்குத் தெரியணுமே? ஏத்துன பதிவ எறக்கணும்னா அறிக்கை தப்புன்னு ஆயிடும். உன்ன அனுப்பவே இல்லன்னு வேற ஆயிடும். ரெண்டு தப்ப ஒரே வருஷத்துல இந்த மையம் தாங்காது. நீ வகுப்புல தாராளமா உக்காந்துக்கோ, யாரு வாணாம்னது? வருகை மட்டும் போட முடியாது. டிசம்பர்ல திரும்பி வந்ததும் பாத்துக்கலாம்.”

அவள் முதல்வரிடம் போனாள். மையத்தின் தன்னாட்சியில் தலையிடுவதில்லை என்பது அவருடைய கொள்கை. ஆக, துர்கா தினமும் தவளக்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, இல்லாத மாணவியாக மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. தேர்வு இல்லாவிட்டால் வருடம் போச்சு.

செப்டம்பரில் தரச் சான்றுக் குழு வந்தது. மூன்று பேர். தலைவர் பெயர் கோவிந்தசாமி. வேறொரு ஊரில் பெரிய கல்லூரி நடத்துகிறவர். கல்லூரிக்கு வெள்ளையடித்து, வாசலில் வாழைமரம் கட்டினார்கள். இயக்குநர் திரையில் படம் ஓட்டினார். மஞ்சள் சுவருக்கு முன்னால் கம்பளிச் சட்டையில் துர்கா. நீலப் பலகைக்குக் கீழே துர்கா. கோவிந்தசாமி தலையை ஆட்டினார். பிறகு, “இப்ப பிரான்ஸ்லதானே இருக்காங்க? வீடியோவுல ரெண்டு வார்த்த பேசலாமா?” என்றார்.

“சனிக்கெழம காலையில பேசலாம் சார். அவுங்களுக்கு அப்பதான் ஓய்வு” என்று இயக்குநர் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். மாட்டேன் என்றாள். குழு திருப்தியாகப் போனால் வருகையைப் பற்றி யோசிக்கலாம் என்றார் இயக்குநர். திருப்தியில்லாமல் போனால் யோசிக்க ஒன்றும் இருக்காது என்றும் சேர்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை தெய்வசிகாமணி தன் எக்செல் வண்டியில் மகளைத் தேங்காய்த்திட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். துர்கா கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஐஸ் பாளங்களுக்கு நடுவே நின்றாள். செல்வாம்பாள் சால்வையால் தலையைச் சுற்றிக்கொண்டு கைபேசியைப் பிடித்தார். வாயிலிருந்து புகை புகையாக வந்தது. இயக்குநருக்கு அது போதும். திரையில் குழுவின் மூன்று முகங்களும், கல்லூரியில் அவர்களோடு இருந்த இயக்குநரும் தெரிந்தன.

“வணக்கம்மா. எப்படி இருக்கீங்க? சனி ஞாயிறுல எங்கெல்லாம் போய்ட்டு வந்தீங்க?” என்றார் கோவிந்தசாமி.

துர்கா இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததை மறந்துவிட்டாள். மீன் நாற்றம் மூக்கில் ஏறியது. சொல்லிவிட்டாள்.

“அய்யா, நான் எங்கயும் போவல. நான் இப்ப தேங்காய்த்திட்டு ஐஸ் ஃபேக்டரியில நிக்கிறேன். என்ன அனுப்பவே இல்ல. கடிதம் போடல. வகுப்புல எனக்கு வருகையும் போட மாட்டேங்கறாங்க.”

செல்வாம்பாள் பிடித்திருந்த கைபேசியில் படம் ஆடியது. அந்தப் பக்கம் இயக்குநரின் முகம் வெளுத்ததை துர்கா தெளிவாகப் பார்த்தாள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று மூன்று விநாடி அவள் நம்பினாள்.

கோவிந்தசாமி சிரித்தார். மற்ற இருவரும் சிரித்தார்கள். அவர் இயக்குநர் பக்கம் திரும்பி, வீடியோ ஓடிக்கொண்டிருப்பதையும் மறந்து, மனம் விட்டுப் பேசினார்:

“ஐஸ் ஃபேக்டரியா! நாங்க எங்க காலேஜுல ஏசிய பதினாறுல வச்சு, பின்னால ஒரு போஸ்டர ஒட்டி ஏமாந்துக்கினு இருக்கோம். வாய்லேந்து புகை வரவே மாட்டேங்குது. போன தடவ வந்த குழு அதுலயே ரெண்டு மார்க் கொறச்சுட்டாங்க. உங்க பக்கத்துல ஃபேக்டரிக்கு வாடகை எவ்ளோ சார் கேக்கறாங்க? ஒரு விஷயம் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. பசங்கள நெஜமாவே அனுப்பறவங்க திரும்பி வந்து கேள்வி கேக்கறதச் சமாளிக்க முடியாமத் தவிக்கிறாங்க. உங்களுது முன்மாதிரி. எழுதிக்கங்க, முழு மதிப்பெண்.”

துர்காவைப் பார்த்து, “நல்லா படிங்கம்மா. உடம்பப் பாத்துக்குங்க, குளிருல” என்றார். திரை அணைந்தது.

வெளியே வந்தாள். வெயிலில் கண் கூசியது. அப்பா வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“பேசிட்டியா?”

“பேசிட்டேம்ப்பா. உள்ளதத்தான் சொன்னேன்.”

“இன்னா சொன்னாங்க?”

“சிரிச்சாங்க.”

தெய்வசிகாமணி வண்டிப் பெட்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். வீட்டுப் போர்த் தண்ணீர். ஒரு வாய் குடித்ததும் அவள் நாக்கு கரித்தது. போன மாதத்தை விட அதிகம். அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முழுவதையும் குடித்தாள்.

கைபேசி ஒலித்தது. செல்வாம்பாள் உள்ளே இருந்தபடியே செய்தி அனுப்பியிருந்தார். குழு கேட்டதற்காகக் கோப்பைச் சரிபார்த்தார்களாம். இந்த வார இறுதிக்கு அவள் எழுதிக் கொடுத்த பக்கம் காணவில்லையாம். உடனே நிரப்பி அனுப்ப வேண்டுமாம். துர்கா எக்செல்லின் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு கைபேசியிலேயே நிரப்பினாள். போகும் இடம்: தவளக்குப்பம், எங்கள் நிலம். நோக்கம்: உப்பு ஏறிய மண்ணைப் பார்ப்பது. உடன் வருபவர்: தெய்வசிகாமணி. உறவு: அப்பா. வானிலை: வெயில்.

மையத்தின் ஆறு வருடச் சரித்திரத்தில் இல்லாத வேகத்தில், ஐந்தே நிமிடத்தில் பதில் படமாக வந்தது. இயக்குநரே கையெழுத்திட்டிருந்தார். கீழே புத்தம்புது வட்ட முத்திரை, மை கூடக் காயாமல், பளிச்சென்று.

‘அனுமதி மறுக்கப்படுகிறது. பரிமாற்றக் காலம் முடியும் முன்னர் மாணவி இந்தியாவுக்குள் வருவது விதிகளுக்குப் புறம்பானது.’

“இன்னாவாம்?” என்றார் அப்பா.

“வூட்டுக்குப் போவக்கூடாதாம்.”

தெய்வசிகாமணி வண்டியை உதைத்துக் கிளப்பினார். மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். கம்பளிச் சட்டையைக் கழற்றக் கூட இல்லை. வண்டி கடலூர் சாலையில் ஏறியது. படிவத்தின் பதினேழு வார இறுதிகளில் அன்று மூன்றாவது; அனுமதி இல்லாமல்தான் ஊருக்குப் போனாள்.